சங்கத்துக்கு நான் திருப்பித் தராத புத்தகம்

ஆண்டு மலர் விஷயமாக நீங்கள் மூன்று பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தீர்கள். வக்கீல் சங்கத்து பீரோவைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது என்று ஒரு பழைய சைக்ளோஸ்டைல் பிரதியை என் கையில் கொடுத்தீர்கள். எட்டுப் பக்கம். மேலே என் பெயர், கீழே ‘புதிய மோட்டார் வாகனச் சட்டம் - ஓர் அறிமுகம்’ என்று தலைப்பு. “அந்தக் காலத்துலயே எவ்வளவு சின்சியரா கிளாஸ் எடுத்திருக்கீங்க சார்! இதை அப்படியே மலர்ல போட்டுடறோம். வக்கீல்னா கடைசி வரைக்கும் படிச்சிட்டே இருக்கணும்னு எங்களுக்கு நாலு வார்த்தையும் எழுதிக் கொடுங்க” என்றீர்கள். நான் காபி குடிக்கச் சொல்லிப் பேச்சை மாற்றினேன். பெரியவருக்கு அடக்கம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள்.

அடக்கமும் இல்லை ஒன்றும் இல்லை. அந்த எட்டுப் பக்கத்தைப் பார்த்தவுடன் என்னால் உட்கார முடியவில்லை. தயவுசெய்து அதை அச்சில் போடாதீர்கள். ஏன் என்று இங்கே எழுதுகிறேன், வேண்டுமானால் இதைப் போடுங்கள்.

எண்பத்தொன்பதாம் வருஷம். அப்போது நம் சங்கத்தில் ‘படிப்பு வட்டம்’ என்று ஒன்று இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஒருவர் புதுச் சட்டம், புதுத் தீர்ப்பு என்று ஏதாவது பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். ஆண்டுக்குப் பத்து வகுப்புக்காவது வந்திருக்க வேண்டும். ரிஜிஸ்டரில் பத்துக் கையெழுத்து இல்லாதவருக்குச் சங்கத் தேர்தலில் ஓட்டுக் கிடையாது. இந்த விதியை எழுதியவனும் நான்தான், வட்டத்தின் செயலாளரும் நான்தான். வேறு எந்தக் கோர்ட்டிலும் இப்படி ஒரு கண்டிப்பு இல்லை என்று கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிப் பெருமைப்படுவேன்.

நடந்தது என்னவென்றால், வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், போண்டாவை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விடுவார்கள். தேர்தல் வருகிற மாதத்தில் ரிஜிஸ்டர் ஒரே மத்தியானத்தில் நிறைந்துவிடும். ஆறு மாதக் கையெழுத்தையும் ஒரே பேனாவில் போட்டுவிட்டு ஒருவர் என்னிடமே பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். என் கையெழுத்திலும் பல, திங்கட்கிழமை போட்ட சனிக்கிழமைக் கையெழுத்துகள்.

அந்த ஆண்டு ஜூலை முதல் தேதி புதிய மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வருவதாக இருந்தது. மரக்காணம் ரோட்டில் லாரி மோதாத வாரம் கிடையாது, அதனால் நமக்கெல்லாம் பாதிச் சோறு விபத்து வழக்கில்தான். கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறந்ததும் முதல் வகுப்பு அதைப் பற்றித்தான் என்று முடிவாயிற்று. யார் பேசுவது? இன்ஷூரன்ஸ் கம்பெனி வழக்கெல்லாம் என்னிடம் இருந்தது. செயலாளர் வேறு. நானே பேசுகிறேன் என்றேன். சங்கத்துச் செலவில் சென்னையிலிருந்து சட்டப் புத்தகம் ஒரே ஒரு பிரதி வந்தது. நூலக நோட்டில் கையெழுத்துப் போட்டு அதை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

எடுத்துப் போனேன், படிக்கவில்லை. மே மாதம் முழுக்கக் கல்யாணங்கள். வகுப்புக்கு முதல்நாள்தான் புத்தகத்தைத் திறந்தேன். கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை இருந்தது. பழைய சட்டத்தில் எந்தப் பிரிவு, புதிய சட்டத்தில் எந்தப் பிரிவு என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். நாலு வருஷம் முன்னால் பழைய சட்டத்தைப் பற்றி நான் பேசிய பேச்சு டைப் அடித்தபடி அலமாரியில் இருந்தது. அதை எடுத்து, அட்டவணையைப் பார்த்து, நம்பரை மட்டும் சிவப்பு மையால் மாற்றினேன். நூற்றுப் பத்து ஏ என்று இருந்த இடத்தில் நூற்று அறுபத்தாறு என்று போட்டேன். டைப் அடிக்கிற அம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டு, “நம்பர் மட்டும்தான் சார் மாறியிருக்குது?” என்று கேட்டார். “ஆமாம்மா, சர்க்கார் வேலையே அப்படித்தான்” என்று சிரித்தேன்.

நாற்பது பேருக்கு நாற்பது பிரதி. பேச்சு அமோகமாக இருந்ததாகச் சொன்னார்கள். துண்டு போர்த்தினார்கள். மனமார ஏற்றுக்கொண்டேன்.

வகுப்பு முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் என் பிரதியோடு வந்து நின்றார். பெயர் ஷகீலா பானு. கோட்டக்குப்பத்துப் பெண், அந்தக் குடும்பத்தில் முதல் வக்கீல். அப்பாவும் அண்ணனும் சவுதியில். இவர் தினம் இரண்டு பஸ் மாறிக் கோர்ட்டுக்கு வருவார். வக்கீலாகப் பதிவு செய்து சன்னது வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. அந்தச் சனிக்கிழமை பேச்சை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டவர் அவர் ஒருவர்தான் என்று பின்னால் தெரிந்தது.

“சார், ஒரு டவுட். அஞ்சாம் பக்கத்துல, ஆறு மாசத்துக்குள்ள பெட்டிஷன் போடணும், லேட்டானா எவ்வளவு டிலேயா இருந்தாலும் காரணம் காட்டி மன்னிக்கச் சொல்லலாம்னு போட்டிருக்கீங்க. புது ஆக்ட்ல அதுக்கும் ஒரு வருஷம்னு லிமிட் வச்சிருக்காங்கன்னு பாண்டிச்சேரியில ஒரு ஃப்ரெண்ட் சொன்னா. அவளுக்கும் கரெக்டா தெரியல.”

அந்த வரிக்குப் பக்கத்தில் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார். பக்கத்தில் சீனியர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். என் தோளில் துண்டு இன்னும் இருந்தது.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. பழைய மாதிரிதான். ஃப்ரெண்டு சொன்னா, டீக்கடையில சொன்னாங்கன்னு கேட்டா பிராக்டிஸ் பண்ண முடியாது” என்றேன். சீனியர்கள் சிரித்தார்கள். ஷகீலா “சரிங்க சார்” என்று பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு உறுத்தியது. புத்தகம் மேஜை மேல்தான் இருந்தது. நூற்று அறுபத்தாறாவது பிரிவைத் திருப்பினால் இரண்டு நிமிஷ வேலை. கை வைத்தேன், எடுத்துவிட்டேன். அந்தப் பெண் சொன்னது சரியாக இருந்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை நாற்பது பேர் முன்னால் நின்று “போன வாரம் நான் சொன்னது தப்பு” என்று சொல்ல வேண்டும். பார்க்காமல் இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. இப்படி நினைத்தேன் என்று எழுதுவதற்கே கூசுகிறது. ஆனால் இப்படித்தான் நினைத்தேன். புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அந்த ஆகஸ்ட் மாதம், மரக்காணத்துக்கு இந்தப் பக்கம் சவுக்குக் கட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று சைக்கிளில் போன ஒருவர் மேல் மோதியது. அவர் அங்கேயே இறந்துபோனார். உப்பளத்தில் வேலை செய்கிறவர். மனைவி அந்தோணியம்மாளும் அதே உப்பளத்தில் வேலை. ஒரே மகள் ரெஜினா, மாதா கோயில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் ஒன்பதாவது. அவளை டீச்சர் டிரெயினிங் வரை படிக்க வைப்பது என்று புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் முடிவு செய்து வைத்திருந்தார்கள். இனிமேல் அது அந்த நஷ்ட ஈட்டை நம்பித்தான் இருந்தது.

பிப்ரவரியில் அந்தோணியம்மாள் ஷகீலாவைத் தேடி வந்தார். அதற்குள் ஆறு மாதம் முடிந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் வாங்கவில்லை. அதற்குப் புருஷனின் அம்மா கையெழுத்து வேண்டும், அந்த அம்மாள் வேறு ஊரில் மகள் வீட்டில். எல்லாவற்றுக்கும் நாலைந்து நாள் அலைய வேண்டும். அப்போதுதான் உப்பளத்தில் சீசன் ஆரம்பம். பாத்தி கட்டி உப்பு விளைய ஆரம்பித்துவிட்டால் மழை விழுகிற வரைக்கும் ஒரு நாள் விடாமல் போக வேண்டும். நாலு நாள் வராதவர் இடத்தை மேஸ்திரி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார், அப்புறம் அந்த வருஷமே போயிற்று.

ஷகீலா உடனே என் வீட்டு முன்னறையில் இருந்த ஆபீசுக்கு வந்தார். “சார், லைப்ரரி நோட்டுல புத்தகம் உங்க பேர்ல இருக்குது. ஒரு நாளைக்குக் கொடுத்தீங்கன்னா பாத்துட்டுத் தந்துடறேன். ஒரு கட்சிக்காரங்க வந்திருக்காங்க. ஆறு மாசம் தாண்டிருச்சு.”

அதற்கு முன்னாலும் இரண்டு தடவை கேட்டிருந்தார். “எங்கயோ வச்சிட்டேன், தேடிப் பாக்கறேன்” என்று அனுப்பியிருந்தேன். அன்றும் அலமாரி எனக்குப் பின்னால்தான் இருந்தது.

“நோட்ஸ்லதான் எல்லாம் போட்டிருக்கேனேம்மா. டிலே கண்டோன் பண்ணிக்கலாம். இதுக்கு எதுக்குப் புத்தகம்?”

“அவங்க உப்பளத்துல வேலை செய்றாங்க சார். சீசன் முடிஞ்சு மழை விழுந்ததும் வாங்கன்னு சொல்லலாமா?”

இந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டார் என்பதை இன்று வரை நான் சங்கத்தில் யாரிடமும் சொன்னதில்லை. “தாராளமா சொல்லு” என்றேன்.

அவரே கடன் வாங்கியாவது ஒரு புத்தகம் வாங்கிப் பார்த்திருக்கலாமே, வக்கீல் என்றால் அதுதானே பொறுப்பு என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். நானும் பல வருஷம் இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாங்கியிருக்கலாம்தான். ஆனால் விதி எழுதிய செயலாளர், விபத்து வழக்கில் பழம் தின்று கொட்டை போட்டவர், மூன்று தடவை கேட்டும் அதையே சொல்கிறார் என்றால் இரண்டு வருஷ ஜூனியர் எதை நம்புவார்? அவர் தன் கட்சிக்காரருக்கு நல்லது செய்யத்தான் மழை விழட்டும் என்று சொன்னார்.

மழை அக்டோபரில் விழுந்தது. பாத்திகளில் தண்ணீர் ஏறி வேலை நின்ற மறுநாள் அந்தோணியம்மாள் எல்லாச் சான்றிதழையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பெருமுக்கல் வழியாக வரும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாராம். விபத்து நடந்து பதினாலு மாதம். ஷகீலா மனுவும், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனுவும் போட்டார். லாரிக்கு இன்ஷூரன்ஸ் செய்திருந்த கம்பெனிக்கு நோட்டீஸ் போனது. கம்பெனி வழக்குக் கட்டை எனக்கு அனுப்பியது.

கட்டோடு அவர்களுடைய சட்டப் பிரிவிலிருந்து ஒரு கடிதம். புதிய சட்டத்தில் நூற்று அறுபத்தாறாவது பிரிவில் மூன்றாம் உட்பிரிவின் கீழ், பன்னிரண்டு மாதம் தாண்டிவிட்டால் காரணம் எதுவானாலும் மனுவை ஏற்க நீதிமன்றத்துக்கே அதிகாரம் இல்லை, இதைத் தவறாமல் எழுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். அலமாரியைத் திறந்தேன். நின்றபடியே அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். புத்தகம் புதுசாகவே இருந்தது, முதுகுகூட மடியவில்லை. நாலே வரி. ஏறக்குறைய ஒன்றரை வருஷமாக என் நாற்காலிக்கு இரண்டடி பின்னால் அந்த நாலு வரி இருந்திருக்கிறது.

அப்போதாவது நான் செய்திருக்க வேண்டியது என்ன? கட்டைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டு நேரே ஷகீலாவிடம் போய் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது எதிர் மனு தயாரித்தது. கம்பெனி என் கட்சிக்காரர், அவர்களுக்குச் சாதகமான சட்டத்தை எடுத்துச் சொல்வது என் கடமை என்று சொல்லிக்கொண்டேன். கடமை என்னவோ கடமைதான். அதற்குப் பின்னால் போய் நான் ஒளிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

விசாரணை அன்று கோர்ட் நிறைய ஆட்கள். அந்தோணியம்மாள் கடைசி பெஞ்சில் மகளோடு உட்கார்ந்திருந்தார். நீதிபதி எதிர் மனுவைப் படித்துவிட்டு ஷகீலாவைப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் நாக்கு கூர்மை.

“ஏம்மா, புது ஆக்ட் வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. படிச்சீங்களா இல்லையா? டிலேய மன்னிக்க எனக்கு மனசு இருக்குது, அதிகாரம் இல்லையே. எதை நம்பி இவங்கள இத்தன மாசம் உக்கார வச்சீங்க?”

“படிப்பு வட்டத்துல கிளாஸ் நடந்தது, யுவர் ஆனர். அதுல…”

“எந்தக் கிளாஸ்ல இப்படிச் சொன்னாங்க? யார் சொன்னது?”

ஷகீலாவின் கையில் அந்த எட்டுப் பக்கம் இருந்தது. மேலே என் பெயர் இருந்தது. அவர் அதை நீட்டவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. நான் எழுந்து சொல்வதற்காகக் காத்திருந்தார். நான் வழக்குக் கட்டின் தாள்களைத் தட்டி அடுக்க ஆரம்பித்தேன். ஏற்கெனவே அடுக்கி இருந்த தாள்கள்தான்.

“நான்தான் சரியாப் பாக்கல, யுவர் ஆனர்” என்றார்.

நீதிபதி என் பக்கம் திரும்பி, “சார் என்ன சொல்றீங்க?” என்றார். நான் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு, “சட்டம் தெளிவா இருக்குது, யுவர் ஆனர்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மனு தள்ளுபடி. மனுதாரரின் வழக்கறிஞர் நடைமுறையில் உள்ள சட்டத்தையே பார்க்காமல் ஆலோசனை கொடுத்தது வருந்தத்தக்கது என்று உத்தரவில் ஒரு வரியும் சேர்ந்தது. மத்தியானத்துக்குள் அந்த வரி கோர்ட் முழுக்கத் தெரிந்துபோயிற்று. வக்கீல்கள் அறையில் ஒருவர், “கோட்டக்குப்பம் போற பஸ்ல பழைய ஆக்ட்டத்தான் இன்னும் படிச்சிட்டுப் போவுதோ என்னமோ” என்று சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குத் தண்டனை கொடுக்க வேண்டுமென்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தச் சிரிப்புக்குக் கொடுக்கலாம். நாற்பது பேரில் ஒருவருக்காவது, இது செயலாளர் பேசியதுதானே என்று தோன்றவில்லை. ரிஜிஸ்டரில் கையெழுத்து இருந்தது, பேச்சை யாரும் கேட்டிருக்கவில்லை. அந்த மாதத்திலேயே ஷகீலாவிடமிருந்து நாலைந்து கட்சிக்காரர்கள் கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து அவர் என் ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சார், அப்பீல் போடப் போறேன். புத்தகம் வேணும்.”

எடுத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. அவர் புத்தகத்தைத் திறந்தார், அது திறக்க மறுத்து மூடிக்கொண்டது. இன்னொரு தடவை அழுத்தித் திறந்து, உள்ளே இருந்த நூலகச் சீட்டில் தேதியைப் பார்த்தார். நான்தான் முதலில் பேசினேன்.

“கோர்ட்டுல நான் எழுந்து சொல்லியிருக்கணும்மா.”

“எங்கிட்ட சொல்லி என்ன சார் ஆவப் போவுது? எனக்கு வயசு இருக்குது, நான் சமாளிச்சுக்குவேன். அந்தம்மா, தான் லேட்டா வந்ததாலதான் எல்லாம் போச்சுன்னு நெனச்சிட்டிருக்காங்க. கூலிக்கு ஆசப்பட்டு புருஷன் கேஸக் கெடுத்துட்டேன்னு வெளிய நின்னு அழுதாங்க. நான் சொன்னா, தனக்காகப் பழிய ஏத்துக்கறேன்னு நெனக்கறாங்க. நீங்க போய்ச் சொல்லுங்க. நான் கூட வர்றேன்.”

நான் போக நாலு மாதம் ஆயிற்று. எதிர்த் தரப்புக் கட்சிக்காரரைப் போய்ப் பார்ப்பது முறையில்லை என்று ஒரு சாக்கு, கம்பெனிக் கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டுப் போகலாம் என்று ஒரு சாக்கு. கட்டை அனுப்பிய பிறகு வெயில் ஒரு சாக்கு. கடைசியில் ஏப்ரலில் ஒரு காலை ஷகீலாவோடு பஸ் ஏறினேன்.

உப்பளத்தில் வரப்பின் மேல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பது எவ்வளவு அசிங்கம் என்று அன்று தெரிந்துகொண்டேன். கண்ணைத் திறக்க முடியாத வெயில். அந்தோணியம்மாள் பாத்திக்குள் நின்று பலகையால் உப்பை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். இழுத்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் தூக்கிக்கொண்டு போன பெண்ணை யாரோ வேலையாள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்து நீலப் பாவாடையைப் பார்த்த பிறகுதான் ரெஜினா என்று தெரிந்தது. பத்தாவது பரீட்சை எழுதியிருக்க வேண்டிய நேரம் அது.

“அம்மா, இவரு கம்பெனி வக்கீல்” என்றார் ஷகீலா.

அந்தோணியம்மாள் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “வாங்க சார். நிழல் ஒண்ணும் இல்லியே இங்க” என்று சங்கடப்பட்டார். பிறகு அவரே, “நீங்க என்ன சார் செய்வீங்க? நீங்க உங்க வேலையப் பாத்தீங்க. நான்தான் சீசன் போயிரும்னு இருந்துட்டேன்” என்றார்.

“இல்லம்மா. நீங்க லேட்டா வரல. சட்டம் மாறிப்போச்சு. மாறினத வக்கீலுங்களுக்குச் சொல்ல வேண்டியவன் நான். அதுக்கு ஒரு கிளாஸ் எடுத்தேன். அதுல தப்பாச் சொல்லிட்டேன். இந்தம்மா எங்கிட்டயே வந்து கேட்டாங்க, அப்பவும் தப்பாத்தான் சொன்னேன். அத நம்பித்தான் உங்கள மழ விழுந்ததும் வரச் சொன்னாங்க.”

அவருக்கு முதலில் புரியவில்லை. ஷகீலாவைப் பார்த்தார், அவர் தலையை ஆட்டினார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“தெரியாமச் சொல்லிட்டீங்களா சார்? புத்தகத்துலயே தப்பா இருந்துச்சா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

“புத்தகத்துல சரியாத்தான் இருந்துச்சும்மா. நான் படிக்கல.”

“படிக்காமலேயா சார் பாடம் எடுத்தீங்க?”

திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்படியும் ஒருவர் செய்வாரா என்று அவருக்கு ஆச்சரியம். அதற்குள் ரெஜினா காலிக் கூடையோடு திரும்பி வந்து என்னை யார் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி தூரத்திலிருந்து கூப்பிட்டார். அந்தோணியம்மாள், “வெயில்ல நிக்காதீங்க சார், உங்களுக்குப் பழக்கமில்ல” என்று சொல்லிவிட்டுப் பாத்திக்குள் இறங்கிப் பலகையை எடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஷகீலா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டே வந்தார்.

அந்தச் சனிக்கிழமை படிப்பு வட்டத்தில் எழுந்து, நான் எடுத்த பாடம் தப்பு, அந்த உத்தரவில் உள்ள வரி என்னைச் சேர வேண்டியது என்று சொன்னேன். வந்திருந்தது எட்டுப் பேர். செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். “இதுக்குப் போய் ஏன் சார் இவ்ளோ ஃபீல் பண்றீங்க, யாருக்குத்தான் தவறல” என்று ஆறுதல் சொன்னார்கள். அதற்கு அப்புறம் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போண்டா எடுக்கப் போனார்கள்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். அப்பீல் வருஷக்கணக்கில் சென்னையில் கிடந்தது. இதற்கு நடுவில் அந்தப் பன்னிரண்டு மாத வரம்பையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நிலுவையில் இருக்கும் வழக்குகளுக்கும் அது பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. அது வந்த உடனே அதைப் படித்து, மனுப் போட்டு, வழக்கை மீட்டது ஷகீலா. அந்தோணியம்மாளுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. பார்த்தீர்களா, கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள நானும் முயன்றிருக்கிறேன். பணம் வந்தபோது ரெஜினாவுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை இருந்தது. அவளும் உப்பளத்தில்தான் இருந்தாள். டீச்சர் டிரெயினிங்கை எந்த நீதிமன்றமும் திருப்பித் தரவில்லை.

ஷகீலா அப்புறம் சென்னைக்கே பிராக்டிஸை மாற்றிக்கொண்டார். போகும்போது சங்கத்துப் புத்தகத்தை, என் பெயரில் இருந்ததை, நூலகத்தில் சேர்த்து என் கணக்கை அடித்துவிட்டுப் போனார். தன்னிடம் இருந்த என் பேச்சின் பிரதியையும் பீரோவில் போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். மற்ற முப்பத்தொன்பதும் வகுப்பு நடந்த சனிக்கிழமையே போண்டா மடிக்கப் போயிருக்கும்.

நீங்கள் கொண்டுவந்து காட்டியது அந்தப் பிரதிதான். மலரில் ஏதாவது போட்டே ஆக வேண்டுமென்றால் ஐந்தாம் பக்கத்தை மட்டும் போடுங்கள். என் பெயர் வேண்டாம். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருக்கும், மங்கலாகத்தான் இருக்கும். அது அச்சில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.